"எனக்குப் பசிக்கேல்லை"

"எனக்குப் பசிக்கேல்லைப் பிள்ளை. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலின் மாடிப்படியருகே நின்று எமது சங்கத் தலைவி அக்கா என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அப்போது மத்தியானம் ஒரு மணி. முதல் நாள் இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறியதிலிருந்து இரண்டு பிளேன்ரீயும் ஒரு பணிசும் தவிர அவர் வேறொன்றும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்பது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சுயதொழில் செய்யும் பெண்களையும் மொத்தமாகப் பொருள் வாங்கும் வியாபாரிகளையும் சந்திக்க வைக்கும் கூட்டம் அது. எமது சங்கத்துப் பெண்கள் செய்த ஒடியல் மா, முருங்கையிலைத் தூள், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் சிறு பைகளில் கட்டி எடுத்துச் சென்றிருந்தோம். காலையில் மேடையில் நடந்தது பேச்சு மட்டும்தான். வியாபாரக் கதை நடந்தது மத்தியானச் சாப்பாட்டு மேசைகளில். ஒருவர் என்னிடம் வந்து, "ஒடியல் மா செய்யிற அந்த அம்மா எங்கே?" என்று கேட்டார். நான் வெளியே ஓடி வந்து பார்த்தேன். அக்கா படிக்கட்டின் மறைவில் இருந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோலை அவசரமாகப் பைக்குள் மறைத்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அந்த வியாபாரி வேறொரு மாவட்டத்துச் சங்கத்தோடு கதைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று நாம் இழந்தது ஒரு நேரச் சாப்பாடு மட்டுமல்ல.

நானும் சொன்ன பொய்

திரும்பி வரும் பஸ்சில் எனக்கு நித்திரை வரவில்லை. அக்கா மீது கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், கோபம் என் மீதுதான். அதே பொய்யை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

2014இல், சமூகவியல் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்தவர்கள் என்னையும் ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கையில் தந்த உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலம். எழுத்தை வாசிக்க முடிந்தது, ஆனால் அது என்ன சாப்பாடு என்று விளங்கவில்லை. மற்றவர்கள் மளமளவென்று சொல்லி முடிக்க, என் முறை வந்தது. விலைகளைப் பார்த்து, ஆகக் குறைந்த விலையில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினேன். வந்தது ஒரு சிறிய கிண்ணத்தில் சூப். எல்லோரும் சோறு சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அந்தச் சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். "உமக்குச் சோறு வேண்டாமோ?" என்று ஒருவர் கேட்டார். "எனக்குப் பசிக்கேல்லை" என்றேன். அன்றிரவு அறையில் தனியே இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது அழுகை வந்தது. படித்து என்ன பிரயோசனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தெரியாமல் இருந்தது என் குற்றம் அல்ல, எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊர்களில் தேத்தண்ணிக் கடை என்றால் அது ஆண்கள் போய் இருந்து கதைக்கும் இடம். பெண்கள் வாசலில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். வீட்டிலும் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் குசினிக்குள் இருந்து சாப்பிடுவோம். கதிரையில் இருந்து, இன்னொருவர் பரிமாற, எனக்கு இது வேண்டும் என்று சொல்லிச் சாப்பிட்ட அனுபவம் எத்தனை பேருக்கு உண்டு? பழக்கமில்லாத இடத்தில் கை நடுங்கத்தானே செய்யும்.

யார் வகுத்த முறை?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட 'டிஸ்டிங்ஷன்' என்ற நூலில், ஒருவருடைய ருசியும் உண்ணும் முறையும்கூட அவருடைய வர்க்கத்தைக் காட்டும் அடையாளங்கள் ஆகின்றன என்று விளக்கினார். வசதியான வீட்டுப் பிள்ளை சிறு வயதிலேயே இவற்றைப் பழகிவிடுகிறது. பார்க்கும் எமக்கோ, அது அந்தப் பிள்ளையின் பிறவிக் குணம் போலத் தோன்றுகிறது. ஆனால் அது வெறும் பழக்கம்தான். எந்த வயதிலும் பழகலாம்.

ஐரோப்பியர்களும் முள்ளுக்கரண்டியோடு பிறந்தவர்கள் அல்லர். மத்திய காலத்தில் அவர்களும் பொதுப் பாத்திரத்திலிருந்து கையால் எடுத்தே சாப்பிட்டார்கள். அந்தப் பழக்கங்கள் எப்படி மெல்ல மெல்ல மாறின என்பதை நோர்பேர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் 1939இல் விரிவாக எழுதினார். தோமஸ் கொரியற் என்ற ஆங்கிலேயப் பயணி 1608இல் இத்தாலிக்குப் போய், அங்கே முள்ளுக்கரண்டியைக் கண்டு தானும் பழகிக்கொண்டார். அதற்காக நண்பர் ஒருவர் தன்னைக் கேலி செய்ததை 1611இல் அச்சான தனது பயண நூலில் அவரே எழுதியிருக்கிறார். இன்று எதைப் பிடிக்கத் தெரியவில்லை என்று நாம் கூச்சப்படுகிறோமோ, அதைப் பிடித்ததற்காக அன்று ஓர் ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்!

எம்மிடமும் உண்ணும் முறைகள் உண்டு. வாழையிலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பக் கூடாது. முஸ்லிம் சகோதரிகளின் விருந்தில் ஒரே சஹனைச் சுற்றியிருந்து உண்ணும்போது, தன் பக்கத்தில் இருப்பதையே எடுக்க வேண்டும். இவை தெரியாத விருந்தாளி ஒருவர் வந்தால் நாம் சிரிப்போமா? பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்லிக் கொடுப்போம். அதே பக்குவத்தை எமக்கு நாமே காட்டினால் என்ன?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். குசினி, மேசை, கதிரை, கோப்பை, பாண் எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்த சொற்கள். அந்நியமாக வந்தவைதான் இன்று எமது வீட்டுச் சொற்களாகிவிட்டன. முள்ளுக்கரண்டி மட்டும் என்ன, அதுவும் பழகிவிடும்.

சங்கக் கட்டடத்தில் ஒரு பயிற்சி

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பழகிப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் முள்ளுக்கரண்டிகளும் கத்திகளும் இரவல் தந்தார். நாம் சோறும் கோழிக்கறியும் பருப்பும் சமைத்தோம். முதல் பதினைந்து நிமிடம் ஒரே சிரிப்பு. ஒருவரின் கோழித்துண்டு கோப்பையை விட்டுப் பறந்து, வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அரை மணித்தியாலத்துக்குள் எல்லோருக்கும் கை பழகிவிட்டது.

பிறகு, "இப்போது புஃபே மாதிரிச் செய்து பார்ப்போம். கோப்பையை எடுத்துக்கொண்டு வரிசையாக வாருங்கோ" என்றேன். எல்லோரும் எழும்பினார்கள். தலைவி அக்கா மட்டும் எழும்பவில்லை.

"முள்ளுக்கரண்டி எனக்குப் பெரிசில்லைப் பிள்ளை. கோப்பையைக் கையில ஏந்திக்கொண்டு வரிசையில நிக்கத்தான் ஏலாது. 2009இல முகாமில நிண்டது காணும்" என்றார்.

கட்டடமே அமைதியாகிவிட்டது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அவரோடு இருந்த இன்னும் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் கொழும்பில் சாப்பிடாமல் நின்றதற்குக் காரணம் இதுதான் என்று நானே ஒன்றை முடிவுசெய்து, அதற்கு மருந்தும் கொண்டுவந்திருந்தேன். "அக்கா, ஏன் உள்ளே வரவில்லை?" என்று ஒருதரம் வடிவாகக் கேட்கவில்லை. சமூகப் பணியாளர் என்ற பெயர் இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சற்று நேரம் கழித்து, எமது சங்கத்தின் ஆக இளைய பெண் கதைத்தாள். "அக்கா, அது சோறு தருவினமோ எண்டு பாத்து நிக்கிற வரிசை. இது எங்களுக்கு வேண்டியதை நாங்களே எடுக்கிற வரிசை." அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் நாம் வேறு வழிகளையும் கதைத்தோம். புஃபேயில் முதல் ஆளாக நிற்க வேண்டியதில்லை, கூட்டம் குறைந்த பின் எழும்பிப் போகலாம். தனியே போகாமல் துணையோடு போகலாம். ஏலாது என்றால், "எனக்குக் கொஞ்சம் சோறும் மீனும் இங்கே கொண்டுவந்து தருவீர்களா?" என்று பரிமாறுபவரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பட்டியலை வாசிப்பது எப்படி?

சங்கத்துப் பெண்கள் மாதாமாதம் சிறிது பணம் சேர்த்து, ஒருநாள் யாழ்ப்பாண நகருக்குப் போனோம். போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. நாம் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்சும் வடையும் மேசைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டுமோ என்று பயந்து யாரும் கை வைக்கவில்லை. எமது நாட்டுக் கடைகளில் இது வழமை. சாப்பிட்டதை எண்ணித்தான் காசு எடுப்பார்கள், மிச்சம் அப்படியே திரும்பிப் போகும். இது தெரியாமல் எத்தனை பேர் வெறும் தேத்தண்ணியோடு எழும்பி வந்திருப்போம்!

உணவகத்தில் பட்டியலைத் திறந்ததும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றை விளங்கிக்கொண்டால் போதும்: எவ்வளவு பெரிய பட்டியலும் பெரும்பாலும் மூன்று பகுதிதான். தொடக்கத்தில் சூப், சலாது போன்ற சிறு உணவுகள், இவற்றை ஸ்டார்ட்டர் என்பார்கள். அடுத்தது வயிறு நிறைக்கும் பிரதான உணவு. கடைசியில் டெசேர்ட் எனப்படும் இனிப்பு. மூன்றையும் எடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வயிற்றுப் பசிக்கு நேரே நடுப்பகுதிக்குப் போகலாம். 2014இல் நான் அகப்பட்டது முதல் பகுதியில்!

பெயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 'நாசி கொரெங்' என்பதை வாசித்து ஒருவர், "இது என்ன வருத்தத்தின்ர பேரோ?" என்று கேட்டார். அது மலாய் மொழி. நாசி என்றால் சோறு, கொரெங் என்றால் பொரித்தது. பொரித்த சோற்றுக்கு மேலே ஒரு முட்டைப் பொரியலும் வைத்து வந்தது. 'டெவல்' என்றால் வெங்காயம், மிளகாய் எல்லாம் போட்டு உறைப்பாகப் பிரட்டியது. 'ஸ்டீம்' என்றால் ஆவியில் அவித்தது. 'கிரில்' என்றால் தணலிலோ சூட்டிலோ வாட்டியது. நாம் வீட்டில் செய்யாத சமையல் இவற்றில் மிகக் குறைவு.

விளங்காவிட்டால் கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? மச்சமா, சைவமா? மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சேருமா? ஹலாலா? மதுவகை ஏதும் சேர்த்திருக்கிறதா? உறைப்பா? ஒரு பிளேட் எத்தனை பேருக்குக் காணும்? பதில் சொல்வது பரிமாறுபவரின் வேலை. சோற்று வகைகள் பல இடங்களில் இரண்டு பேருக்குக் காணும் அளவில் வரும். அன்று நாம் கேட்டுவிட்டு ஓடர் கொடுத்தபடியால், பன்னிரண்டு பேருக்கு ஆறு பிளேட் போதுமாக இருந்தது.

மேசையில் கவனிக்க வேண்டியவை

* முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கத்தியும் கரண்டியும் வலப்பக்கம் இருக்கும். பல சோடிகள் இருந்தால் குழம்ப வேண்டாம். வெளியில் இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வோர் உணவுக்கும் உள்நோக்கி வரவேண்டும்.

* பாணுக்குரிய சிறு பீங்கான் உங்கள் இடப்பக்கத்தில் இருப்பது. தண்ணீர்க் கிளாஸ் வலப்பக்கத்தில் இருப்பது. இதை ஞாபகம் வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் தண்ணீரைக் குடித்துவிட மாட்டோம்.

* மடித்து வைத்திருக்கும் துணி மடியில் விரிப்பதற்கு. வாயை ஒற்றவும் அதுதான்.

* சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவதென்றால் வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்ளுக்கரண்டி. முள்ளுக்கரண்டியால் சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுங்கள். கத்தி தேவையில்லை.

* சாப்பிட்டு முடிந்ததும் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் பிளேட்டில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால், எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். இடையில் சற்று நிறுத்தினால் இரண்டையும் விலக்கி வையுங்கள்.

* கரண்டி கீழே விழுந்தால் மேசைக்குக் கீழே குனிந்து தேட வேண்டாம். வேறொன்று கேட்டால் தருவார்கள்.

* தேசிக்காய்த் துண்டு போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் கிண்ணத்தில் வந்தால் அது விரல் கழுவுவதற்கு.

* புஃபேயில் ஒரே தடவையில் குவிக்க வேண்டாம். மறுபடியும் போகலாம், புதிய பிளேட் எடுக்கலாம்.

* சோறு கறியைக் கையால் சாப்பிடுவது இந்த நாட்டின் முறை. எவ்வளவு பெரிய ஹோட்டலிலும் கையைக் கழுவிவிட்டு வந்து நிம்மதியாகக் கையால் சாப்பிடலாம்.

பில் வந்தால்

பில்லை வாசித்துப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அந்த விலைக்கு மேலாகச் சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்று பொருள். எமது நாட்டில் பல உணவகங்கள் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம், அதற்குப் பதிவுசெய்த இடங்களில் அதுவும் சேரும். ஆகவே ஆயிரம் ரூபா என்று பட்டியலில் கண்டால் ஆயிரம் ரூபாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓடர் கொடுக்க வேண்டாம். "வரி எல்லாம் சேர்ந்த விலையா?" என்று முதலே கேளுங்கள். மேசையில் இருக்கும் போத்தல் தண்ணீரைத் திறந்தால் பெரும்பாலும் அதற்கும் காசு. சேவைக் கட்டணம் பில்லில் சேர்ந்திருந்தால், அதற்கு மேல் சந்தோசம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

மறுபடியும் கொழும்பு

2019 பெப்ரவரியில் இன்னொரு கூட்டத்துக்கு எமது சங்கத்துக்கு அழைப்பு வந்தது. தலைவி அக்காவும் நானும் போனோம். மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்பினார்கள். அக்கா எழும்பவில்லை. இந்த முறை நானும் எழும்பவில்லை. "எனக்கும் அவசரமில்லை அக்கா" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தேன். வரிசை குறைந்தது. அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். ஒரு பிளேட்டை எடுத்தார். கை சிறிது நடுங்கியதைப் பார்த்தேன். மீன் வைத்திருந்த இடத்துக்கு வந்ததும் அங்கே நின்ற பையனிடம், "தம்பி, இது என்ன மீன்?" என்று கேட்டார். அவன் மலையகத்துப் பிள்ளை. "பாரை மீன்ம்மா. காரம் இல்ல, பயப்படாம எடுங்க" என்றான்.

"உறைப்பில்லாத மீனை என்னண்டு தின்னுறது?" என்று அக்கா சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சிறு கிண்ணத்தில் கட்டாச் சம்பல் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, கையாலேயே சாப்பிட்டார். எதிரே இருந்த ஒரு வியாபாரி ஒடியல் மாவைப் பற்றிக் கேட்டார். கூழ் காய்ச்சும் விதத்தை அக்கா சொல்லத் தொடங்கி, பலாக்கொட்டைக்கும் நண்டுக்கும் வந்து சேர அரை மணித்தியாலம் ஆனது. ஓடர் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அன்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த வியாபாரியின் தொலைபேசி இலக்கத்தை அக்காவே கேட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். அதைவிட, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரவு பஸ் ஏறினார். எனக்கு முன்பே நித்திரையாகியும் விட்டார்.

சகோதரிகளே, மேசை முறைகள் ஒரு மத்தியானத்தில் பழகிவிடக் கூடியவை. ஆனால் அந்த மேசையில் இருக்க எமக்கு உரிமை இருக்கிறது என்ற எண்ணம் ஒரு மத்தியானத்தில் வராது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அடுத்த முறை கூட்டத்திலோ, கலியாண வீட்டிலோ, பிள்ளையின் பட்டமளிப்பு விருந்திலோ உங்கள் பக்கத்தில் நிற்கும் ஒருத்தி "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொன்னால், நான் செய்தது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். சற்று நேரம் அவளோடு இருங்கள். ஏன் என்று கேளுங்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து போய்ச் சாப்பிடுங்கள்.